புதைசாக்கடையில் சேரும் தொழிற்கழிவு நீர்

பெங்களூர் நகரம் மேட்டு நிலத்தில் அமைந்திருப்பதால், அதன் கழிவுநீர் விருஷபாவதி, கோரமங்கலம்–செல்லகட்டா, ஹெப்பாள் என்னும் மூன்று பள்ளத்தாக்குகளின் வழியே இறங்குகின்றது. சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளால் வரலாற்று ஆய்வாளர் நன்கறிந்த தொம்மலூர், இவற்றுள் இரண்டாவதைச் சார்ந்தது. இங்குள்ள உணவு விடுதியில் பாத்திரம் கழுவிய நீரும், வண்டிகளைக் கழுவிய நீரும் புதைசாக்கடை வழியே அப்பள்ளத்தாக்கின் சுத்திகரிப்பு நிலையத்தை அடைதல் வேண்டும். மழைநீர்க் கால்வாயில் விடப்படுபவை நேரே பெல்லந்தூர் ஏரியைச் சேரும். அவ்வேரியில் நுரை பொங்கியதும், 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீ மூண்டதும் நாடறிந்த செய்தி. 2018 முதல் இப்பள்ளத்தாக்கின் சுத்திகரித்த நீர் கோலார் மாவட்டத்து ஏரிகளை நிரப்பவும் அனுப்பப்படுகின்றது. ஆகவே தொம்மலூரில் ஊற்றப்படுவது கோலார்க் கிணறுகளையும் பொறுத்த விஷயமாகும்.

புதைசாக்கடைகளின் பொறுப்பு 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட குடிநீர், கழிவுநீர் வாரியத்தினுடையது. விடக்கூடிய நீரின் தன்மையை 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் வரையறுக்கின்றன. லிட்டர் ஒன்றுக்கு மிதக்கும் திடப்பொருள் 600 மில்லிகிராமும், எண்ணெயும் கொழுப்பும் 20 மில்லிகிராமும், ஈயம் 1 மில்லிகிராமும் மிகலாகாது. அமில காரக் குறியெண் 5.5-க்கும் 9-க்கும் இடைப்பட்டிருத்தல் வேண்டும். 27 பாகை வெப்பத்தில் மூன்று நாட்களில் நுண்ணுயிர்கள் செலவிடும் பிராணவாயு 350 மில்லிகிராமுக்கு உட்பட வேண்டும். ஆறு, ஏரிகளில் விடும் நீருக்கோ இவ்வெல்லை 30 மட்டுமே. இச்சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பலரும் அதனைக் கவனிப்பதில்லை. அச்சாக்கடை நுண்ணுயிர்களால் சுத்திகரிக்கும் நிலையத்தில் முடிய வேண்டும். இல்லையேல் ஏரியில் விட்டதாகவே கருதப்படும்.

சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்வன உயிர்கள் என்பதே இவ்வெல்லைகளுக்கெல்லாம் அடிப்படை. சர்க்கரையும் மாவுப்பொருளும் அவற்றுக்கு உணவு. குரோமியமும் சயனைடும் நஞ்சு. சூடாக ஊற்றிய கொழுப்பு குழாயில் குளிர்ந்து உறைந்து அடைப்பை உண்டாக்கும். அடைப்பினால் தேங்கிய நீரில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு பிறக்கும். குழாயின் மேற்புற ஈரத்தில் அது கந்தக அமிலமாக மாறிக் கான்கிரீட்டை அரிக்கின்றது. அவ்வாயு மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்வதால், நாற்றம் நின்றது என்று நம்பிக் குழிக்குள் இறங்கியவர் மீளாமற் போவதும் உண்டு. பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. எனினும் அத்தகைய மரணங்கள் நாட்டில் இன்னும் நிகழ்கின்றன. கொழுப்புப் பிடிதொட்டி ஒன்றை அமைத்து, அதனை ஒழுங்காக வழித்து வருவதற்கு ஆகும் செலவோ சொற்பமே.

மாதிரி எடுக்கும் ஊழியர், தொழிற்கழிவு பிற நீருடன் கலப்பதற்கு முன்னுள்ள ஆய்வுத் தொட்டியிலேயே எடுத்தல் வேண்டும். காரணத்தை ஆசிரியர்கள் எளிய கணக்கால் விளக்கலாம். லிட்டருக்கு 40 மில்லிகிராம் எண்ணெய் கொண்ட 1,000 லிட்டர் நீரில் 40 கிராம் எண்ணெய் உள்ளது. இன்னும் 1,000 லிட்டர் நல்ல நீரை ஊற்றினால் அளவு 20 மில்லிகிராமாகி விதிக்குள் அடங்கிவிடும். சாக்கடைக்குச் செல்லும் எண்ணெயோ அதே 40 கிராம்தான்.