லாச்சிச் சாவியும் பாஸ்வேர்டும்

எங்கள் வாப்பா ஹல்துமுல்லையில் பலசரக்குக் கடை நடத்திய காலத்தில் இரண்டே பொருள்கள்தாம் பூட்டுக்குள் இருந்தன. ஒன்று லாச்சிச் சாவி, மற்றது கடன் கொப்பி. சாவி அவருடைய இடுப்பில் இருக்கும். கொப்பியைக் கணக்குப்பிள்ளையைத் தவிர வேறு எவரும் தொட முடியாது. சம்பளம் வரும்வரை கடனுக்குச் சாமான் வாங்கும் தோட்டத்துச் சனங்களில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது அந்த இருவருக்கு மட்டுமே தெரியும்.

இன்று ஹல்துமுல்லை, கொஸ்லந்தை, பண்டாரவளை என மூன்று கடைகள். மூன்றின் விற்பனை, இருப்பு, கடன்பாக்கி அனைத்தும் ஒரே சர்வரில் சேர்ந்து, டாஷ்போர்ட் எனப்படும் தகவல் பலகையில் தெரிகின்றன. மெட்டாபேஸ் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு மகன் அமைத்துத் தந்தான். வசதியானதுதான். ஆனால் வேலையாட்கள் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டைக் கொடுத்தேன். அது என் தவறு.

சரக்கு இருப்பைப் பார்க்கப் பலகையைத் திறந்த லொறிப் பையன் ஒருவன், கடன் பட்டியலையும் பார்த்திருக்கிறான். பெரகலைச் சந்தித் தேநீர்க் கடையில் ஒரு தோட்டத்து மனிதரின் பாக்கியைச் சொல்லிச் சிரித்திருக்கிறான். அது மகளின் கல்யாணத்துக்காக அவர் பட்ட கடன். மறுவாரம் அவர் வந்தார், காசை எண்ணி வைத்தார், ஒரு வார்த்தையும் பேசாமல் போனார். இருபது வருட வாடிக்கை அன்றோடு முடிந்தது. பையனை ஏசி என்ன பயன்? திறந்து வைத்தவன் நானல்லவா?

அதன் பின் நான் கற்றுக்கொண்டதை, கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்காக எழுதுகிறேன்.

முதலாவது, ஆளுக்கு ஒரு கணக்கு, தொழிலுக்கு ஒரு குழு. காசாளர், சரக்கறை, லொறி, கணக்காளர் என்று குழுக்களை அமைத்து, அனுமதியைக் குழுவுக்கே கொடுங்கள். ஆள் மாறினால் குழுவை மாற்றினால் போதும்.

இரண்டாவதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். மெட்டாபேஸில் ‘ஆல் யூசர்ஸ்’ என்றொரு குழு தொடக்கத்திலேயே இருக்கும். சேருகிற எல்லோரும் அதில் இருப்பார்கள், எவரையும் அதிலிருந்து நீக்க முடியாது. ஒருவர் இரண்டு குழுக்களில் இருந்தால், தாராளமான அனுமதியே செல்லும். லொறிக் குழுவுக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும் அந்தப் பொதுக் குழு திறந்திருந்தால் கதவு திறந்ததுதான். ஆகவே முதலில் பொதுக் குழுவுக்கு எல்லாவற்றையும் மூடிவிட்டு, பிறகு தேவையானதை ஒவ்வொரு குழுவுக்கும் திறவுங்கள்.

மூன்றாவது, கடைக்கொரு கோப்புறை. ஒரே பட்டியலில் கொஸ்லந்தைக்காரருக்குக் கொஸ்லந்தை வரிகளை மட்டும் காட்டும் வசதி, கட்டணப் பதிப்பில்தான் உண்டு. இலவசப் பதிப்பில் ஒவ்வொரு கடைக்கும் தனிப் பலகை செய்து, தனிக் கோப்புறையில் வைத்து, பார்க்கும் அனுமதியை மட்டும் கொடுக்கலாம். தரவுகளிலிருந்து தாமாகவே புதிய பட்டியல் எடுக்கும் உரிமையை மறுத்துவிடுங்கள். லொறிக்குரிய பலகையில் சாமானும் எண்ணிக்கையும் இருந்தால் போதும், பெயர் எதற்கு?

நான்காவது, முழு அதிகாரம் உள்ள நிர்வாகிகள் இருவருக்கு மேல் வேண்டாம். பதிகிறவரும் சரிபார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கவும் வேண்டாம். 1762இல் தொடங்கிய லண்டனின் பேரிங்ஸ் வங்கி 1995இல் விழுந்தது எதனால்? சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் என்பவர் பங்குச் சந்தை வியாபாரத்தையும் செய்தார், அதன் கணக்கு முடிக்கும் பிரிவையும் அவரே மேற்பார்த்தார். நட்டத்தை ஒளிப்பது அவருக்கு எளிதாயிற்று. 82 கோடி பவுணுக்கு மேல் போன பிறகு, வங்கி ஒரு பவுணுக்குக் கைமாறியது. நமது கடை சிறியதாக இருக்கலாம், பாடம் ஒன்றுதான்.

ஐந்தாவது, வேலையை விட்டவரின் கணக்கை அன்றே முடக்குங்கள். அவர் செய்து வைத்த பலகைகள் அழியாது. ஆனால் பாஸ்வேர்ட் இல்லாமல் திறக்கும் பொது இணைப்பு எதுவும் முன்பு உருவாக்கப்பட்டிருந்தால், கணக்கை முடக்கினாலும் அது உயிரோடு இருக்கும். அதையும் தேடி நிறுத்துங்கள்.

எல்லாம் முடிந்ததும் லொறிப் பையனின் பெயரில் நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். நான் அப்படிப் பார்த்தபோது, கடன் பட்டியல் இன்னும் ஓர் ஓரத்தில் தெரிந்தது. காரணம் அதே பொதுக் குழுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிறேன்.

வாடிக்கையாளரின் விவரங்களைச் சேகரிப்பவரே அவற்றைக் காக்கும் பொறுப்புடையவர் என்று, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. சட்டம் வருமுன்னரே அது வாப்பாவுக்குத் தெரிந்திருந்தது. கடன் வாங்கியவர் நம்மிடம் பாக்கியை மட்டும் வைத்துவிட்டுப் போகவில்லை, தம் மானத்தையும் அமானிதமாக வைத்துவிட்டுப் போகிறார்.

அந்த மனிதரின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேநீர் தந்தார். கடைக்கு மட்டும் இன்னும் வரவில்லை.