கிறிஸ்டோ ரே: ஒரு வேலை, நான்கு மாணவர்கள்

சிகாகோவின் பில்சன் பகுதியில், மெக்சிகோவிலிருந்து குடியேறிய கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்காக இயேசு சபையினர் 1996இல் ஓர் உயர்நிலைப் பள்ளியைத் திறந்தார்கள். பெயர் கிறிஸ்டோ ரே. நம்மூர் உதவி பெறும் பள்ளிகளைப் போல அங்கே ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுப்பதில்லை. முழுக் கட்டணம் கட்டப் பெற்றோருக்கும் வழியில்லை. ஆனாலும் இந்தப் பள்ளி கண்ட முறையில் அமெரிக்காவில் இன்று சுமார் 40 பள்ளிகள் நடக்கின்றன. 12,000க்கும் மேற்பட்டோர் படிக்கிறார்கள்.

பழைய பேரேடு

அதற்கு முன் கத்தோலிக்கப் பள்ளிகள் எப்படி ஓடின என்று பார்ப்போம். ஒவ்வொரு பங்கும் (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் வட்டாரம்) 2 ஆண்டுகளுக்குள் ஒரு பள்ளி கட்ட வேண்டும் என்று பால்டிமோரில் கூடிய அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 1884இல் விதித்தார்கள். 1960களின் நடுவில் அந்நாட்டுக் கத்தோலிக்கப் பள்ளிகள் சுமார் 13,000. மாணவர்கள் சுமார் 52 லட்சம்.

அத்தனை பள்ளிகளும் குறைந்த கட்டணத்தில் ஓடியதன் காரணம் ஆசிரியர் கணக்கில் இருக்கிறது. 100 ஆசிரியர்களில் துறவியர் எத்தனை பேர்?

1950: சுமார் 90
1970: சுமார் 48
1990: சுமார் 15
இன்று: 3க்கும் குறைவு

துறவியரில் பெரும்பாலோர் அருட்சகோதரிகள். மடத்துச் சாப்பாடும் சிறு படியும்தான் அவர்களுக்குக் கிடைத்தவை. அவர்கள் வாங்காமல் விட்ட சம்பளமே பள்ளிகளுக்கு வந்த மிகப் பெரிய நன்கொடை. வரவுப் பக்கத்தில் யாரும் அதை எழுதவில்லை. அவர்கள் இடத்தில் துறவியர் அல்லாத பொதுநிலையினர் வந்ததும் முழுச் சம்பளம் கொடுக்க வேண்டியதாயிற்று, கட்டணம் ஏறியது. பங்கு மக்களும் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். இப்போது பள்ளிகள் 6,000க்குச் சற்றுக் குறைவு, மாணவர்கள் சுமார் 17 லட்சம்.

புதிய வரவு

கிறிஸ்டோ ரேயின் முதல் தலைவர் அருட்தந்தை ஜான் ஃபோலி, பெரு நாட்டில் 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றித் திரும்பியவர். பள்ளி கண்ட வழி இது: ஒரு நிறுவனத்தில் தொடக்கநிலை அலுவலக வேலை ஒன்றை 4 மாணவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். மாதத்துக்கு 20 வேலைநாள் என்றால் தலைக்கு 5 நாள். கூலி மாணவர் கைக்கு வராது, பள்ளிக்குப் போகும். வேலைக்குப் போக 14 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

வேலைநாளன்று மாணவர் சட்டையும் டையுமாக வருவார். பள்ளி வண்டி அவரை வங்கியிலோ வழக்கறிஞர் அலுவலகத்திலோ இறக்கிவிடும். கோப்பு அடுக்குவது, நகல் எடுப்பது, தபால் பிரிப்பது, கணினியில் விவரம் ஏற்றுவது என்று அன்றைய பொழுது போகும். பள்ளிச் செலவில் ஏறக்குறைய பாதி இந்தக் கூலியில் ஈடாகிறது. வருமானத்துக்கேற்பப் பெற்றோர் ஒரு சிறு பங்கு கட்டுகிறார்கள். மீதியில் பெரும்பகுதி நன்கொடை.

நேரச் செலவு

20க்கு 5 என்றால் கால்வாசி. 4 ஆண்டுப் படிப்பில் ஒரு முழுப் பள்ளியாண்டு அலுவலகத்தில் கழிகிறது. இழந்த பாட வேளைகளை ஈடுகட்டப் பள்ளி நேரமும் பள்ளியாண்டும் நீட்டப்படுகின்றன. வசதியான வீட்டுப் பிள்ளை விளையாட்டிலும் ஓய்விலும் கழிக்கும் நேரத்தை, இந்தப் பிள்ளை கட்டணமாகச் செலுத்துகிறது.

வளர்ச்சியின் எல்லை

400 மாணவர்களைச் சேர்க்க 100 வேலைகள் வேண்டும். தொழில் மந்தத்தில் 10 வேலைகள் போனால் 40 பேரின் கூலி வரவு நின்றுவிடும். எத்தனை பேர் விண்ணப்பித்தாலும், ஊரில் எத்தனை நிறுவனங்கள் வேலை தருகின்றன என்பதே இடங்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. 2001இல் போர்ட்லாண்டில் தொடங்கி இம்முறை பரவியதெல்லாம் பெரும்பாலும் அலுவலகங்கள் மலிந்த பெருநகரங்களில்தான்.

இரண்டு பேரேடுகளிலும் பள்ளியைத் தாங்கியது கூலி கைக்கு வராத உழைப்பு. அன்று அதைக் கொடுத்தவர்கள் அருட்சகோதரிகள், இன்று மாணவர்கள். இந்தப் பேரேட்டில் அது வரவுப் பக்கத்தில் தொகையோடு ஏறுகிறது என்பதே வேறுபாடு.