சிருஷ்டிகர்த்தா மறைந்த பின்

சேரன்மகாதேவியில் காலை ரயிலுக்காகக் காத்திருந்தபோது தேநீர்க் கடையொன்றில் நமது காதில் விழுந்த சம்பாஷணை இது. பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த முதியவரை நோக்கி ஓர் இளைஞர், "அண்ணாச்சி, கன்னித்தீவை முதலில் வரைந்தவர்தான் இப்போதும் வரைகிறாரா?" என்று வினவினார். "வரைந்தவர் மாறிவிட்டார், தம்பி, சிந்துபாத் மாறவில்லை" என்று விடை வந்தது. ரயில் வந்தது; பேச்சும் நின்றது. ஆயினும் அவ்விடையில் ஆழ்ந்த கேள்வி ஒன்று அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றிற்று. சித்திரக்கதை நாயகன் தன்னைச் சிருஷ்டித்தவரை இழந்த பின்னரும் செழித்து வாழ வல்லவனா? அங்ஙனம் வாழ்வானாயின், அது யாருடைய வாழ்வு?

இது சிறுபிள்ளை விஷயம் என்று தள்ளிவிட விரும்புவோர் சற்றுப் பொறுக்க வேண்டும். 1960-ஆம் ஆண்டில் தினத்தந்தியில் தொடங்கிய 'கன்னித்தீவு' அறுபது ஆண்டுகளைக் கடந்தது. கணு என்னும் சித்திரக்காரரின் கையிலிருந்து தங்கம் என்பவரின் கைக்கு மாறியும் அது நிற்கவில்லை. சிந்துபாத்தோ அராபியக் கதைகளிலிருந்து இரவல் பெற்ற நாயகன். ஆதி கர்த்தா இன்னாரென்று சொல்ல இயலாதவன். எனவே அவனுக்குத் தந்தையை இழந்த துக்கமில்லை. ஆனால் முடிவற்ற காரியம் எதையும் 'கன்னித்தீவு' என்று நம்மவர் கேலி செய்வதை நோக்குக. நீண்ட ஆயுள் வேறு, செழிப்பான வாழ்வு வேறு என்பதை ஜனங்கள் அறிந்தே இருக்கிறார்கள்.

சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் வாயிலாகத் தமிழகத்துக்கு வந்த இரும்புக்கை மாயாவியின் வரலாறு இன்னொரு விதமானது. 1962-இல் ஆங்கில வாரப் பத்திரிகையொன்றில் பிறந்தவன் அவன். கதை எழுதியவர் கென் புல்மர். வரைந்தவர் ஸ்பெயின் தேசத்து ஹெஸூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த விந்தையில் நமது சிறுவர்கள் ஒரு தலைமுறைக் காலம் மயங்கிக் கிடந்தார்கள். ஆனால் பிளாஸ்கோவின் பெயரை அவர்களுள் அறிந்தோர் எத்தனை பேர்? நாயகன் உலகறியத் திரிந்தான். அவனை ஆக்கியவரே மாயாவியாக மறைந்துபோனார்! மறுபதிப்புகளால் மாயாவி இன்றும் நினைவில் நிற்கிறான். எனினும் மறுபதிப்பு என்பது பழைய புகழின் வட்டி. புதிய சம்பாத்தியம் அன்று.

வெளிதேசங்களில் மூன்று வழிகள் காணப்படுகின்றன. டின்டினைப் படைத்த ஹெர்ஷே 1983-இல் காலமானார். தமக்குப் பின் வேறொருவர் அவனை வரையலாகாது என்பது அவர் விருப்பம். அவ்விருப்பம் போற்றப்பட்டது, புதிய கதைகள் நின்றன, பழையவற்றின் கீர்த்தி குன்றவில்லை. இது முதல் வழி. ஆஸ்டெரிக்ஸின் கதாசிரியர் கோசினி 1977-இல் மறைந்த பின் சித்திரக்காரரான உடெர்சோ தாமே கதையும் எழுதினார். பின்பு தமது சம்மதத்துடனேயே இளையோர் இருவரிடம் அதை ஒப்படைத்தார். 2013-இல் அவர்களுடைய முதல் நூல் வெளிவந்தது. இத்தாலியில் 1948-இல் பிறந்த டெக்ஸ் வில்லரும், தன்னைப் படைத்த பொனெல்லியும் காலெப்பினியும் மறைந்த பின்னரும் பல கைகளால் வளர்க்கப்படுகிறான். லயன் காமிக்ஸ் மூலம் தமிழிலும் பேசுகிறான். இது இரண்டாவது வழி.

மூன்றாவது வழியோ வருந்தத்தக்கது. சூப்பர்மேனைப் படைத்த சீகல், ஷூஸ்டர் என்னும் இரு இளைஞர்கள் 1938-இல் அவனுடைய உரிமை முழுவதையும் 130 டாலருக்கு விற்றுவிட்டார்கள். நாயகன் கோடிகளை ஈட்டினான்; அவர்களோ வறுமையில் உழன்றார்கள். 1975-இல் பொதுஜன அபிப்பிராயம் நெருக்கிய பிறகே கம்பெனியார் இருவருக்கும் ஆண்டொன்றுக்கு 20,000 டாலர் அளிக்கவும், அவர்களது பெயரை அச்சிடவும் இசைந்தார்கள். நாயகன் செழித்தான் என்பதை மறுக்க முடியாது. அச்செழிப்பு நியாயமானதென்று சொல்லவும் முடியாது.

இவ்விஷயத்தில் நமது தாமிரபரணிக் கரைக்கே ஒரு பழைய அனுபவம் உண்டு. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக வணங்கப்படும் முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டாகக் கேளாதார் இப்பகுதியில் யார்? அந்தணனாகப் பிறந்து, சக்கிலியர் குலப் பெண்களாகிய பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாடுகளைக் காக்கப் போராடி உயிர் நீத்தவன் அவன். புலவர்கள் போனார்கள், நாயகன் நின்றான். ஆனால் அவன் மாசுபடாமல் நின்றானோ? 1971-இல் இக்கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை, அப்பெண்கள் பிறப்பால் பிராமணரே என்னும் கிளைக்கதை பிற்காலத்தில் நுழைக்கப்பட்டதை எடுத்துக் காட்டினார். பட்டன் எதற்காகக் குலத்தைத் துறந்தானோ, அதையே அழித்துவிடும் திருத்தம் இது! நாயகனின் உடலைக் காப்பாற்றி உயிரை எடுத்துவிடுவது இதுவன்றோ?

ஆகவே நமது முடிவு இது: சிருஷ்டிகர்த்தா இன்றியும் நாயகன் வாழலாம், ஆனால் அவன் எந்த விரதத்துக்காகப் பிறந்தானோ, அந்த விரதத்தைப் பின்வருவோர் காக்க வேண்டும். அணிகலன்களை மாற்றலாம், ஆன்மாவை மாற்றலாகாது.

சட்டம் இதற்கு ஓரளவு துணை நிற்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பத்திரிகை ஊழியர் ஒருவர் தமது வேலையின் பகுதியாக வரைந்ததைப் பத்திரிகைகளில் பிரசுரிக்கும் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், முதலாளியைச் சார்கிறது. மற்ற உரிமைகள் வரைந்தவரிடமே தங்குகின்றன. உரிமையை விற்றுவிட்ட பின்னும், தாமே ஆசிரியர் என்று கூறவும், தமது கௌரவத்துக்குப் பங்கம் விளைவிக்கும் சிதைவைத் தடுக்கவும் 57-ஆவது பிரிவு அவருக்கு அதிகாரம் அளிக்கிறது. பதிப்புரிமையோ அவர் காலமான பின் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. இவற்றை அறியாமல் வெற்றுத்தாளில் கையெழுத்திடும் சித்திரக்காரர்களை நமது தொழிலில் கண்டிருக்கிறோம். அவர்களுடைய அறியாமையால் லாபம் பெறுவது பத்திராதிபர்களுக்கு அழகன்று.

பிரசுரகர்த்தர்கள் ஒவ்வொரு சித்திரக்கதையிலும் எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் தெளிவாக அச்சிட வேண்டும். கலைஞர்கள் தமக்குப் பின் தமது நாயகன் தொடர வேண்டுமா, ஓய வேண்டுமா என்பதை உயிரோடிருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். வாசகர்களாகிய நாமோ, நாயகன் பொய்யாக்கப்படும்போது வாய்மூடி இருக்கலாகாது. ஆதி ஆசிரியன் இல்லாத இடத்தில் அந்தக் கதைக்குத் தர்மகர்த்தாக்கள் நாமே.