உங்களுக்குத் தெரியுமா? முதல் பாகம் பார்த்தனீங்களோ?

● இரண்டாம் பாகம் எடுக்கும் ஆசை தமிழ் சினிமாவுக்கு நேற்று வந்ததல்ல. 1979இல் வந்த 'கல்யாணராமன்' கதையை இழுத்து, 1985இல் 'ஜப்பானில் கல்யாணராமன்' எடுத்தார்கள். முதல் படத்தில் செத்துப்போன கல்யாணம் இரண்டாவதிலும் ஆவியாக வந்தான். அந்த வருஷம் ஜப்பானில் நடந்த உலகக் கண்காட்சியைக் காசு செலவில்லாமல் சுற்றிப் பார்க்க வைத்த படம் அது. ஆனால் அதைப் பார்த்தவர்களைக் கேட்டால், "கமலின்ரை பல்லுத்தான் ஞாபகம் இருக்கு" என்பார்கள். அந்தப் பல்லோ முதல் பாகத்துக்குச் சொந்தம்.

● நம் நாட்டுக்கும் இப்படி ஒரு சோடிப் படம் உண்டு. இலங்கை வானொலியில் எஸ். ராமதாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற நகைச்சுவைத் தொடர் வீட்டுக்கு வீடு ஒலித்தது. 1976இல் அது 'கோமாளிகள்' என்ற படமாயிற்று. காதால் மட்டும் கேட்ட மரிக்கார், உபாலி, அப்புக்குட்டி, ஐயர் நால்வருக்கும் முகம் எப்படி என்று பார்க்கவே சனம் போனது. முஸ்லிம் தமிழ், சிங்கள வாடை அடிக்கும் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், பிராமணத் தமிழ் நான்கும் ஒரே வீட்டுக்குள் சண்டை போட்டால் சிரிப்புக்குக் குறைவேது? அந்தப் பெயர்கள் நடிகர்களை விட்டுக் கடைசிவரை போகவில்லை. மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறோம்.

படம் ஓடியதும் கையோடு 1978இல் 'ஏமாளிகள்' வந்தது. கதை வேறு, ஆனால் பெயரிலேயே உறவு தெரியும். முதலாவதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இரண்டாவதைப் பற்றிக் கேட்டால் ஒரு வசனத்தோடு முடித்துக்கொள்வார்கள்.

● "நல்ல படம், ஆனால் ஓடேல்லை" என்று யாழ்ப்பாணத்தில் கிட்டத்தட்ட ஐம்பது வருஷமாகச் சொல்லப்படும் படம் எது தெரியுமா? 1977இல் வந்த 'பொன்மணி'. இயக்கியவர் தர்மசேன பத்திராஜ. அப்போது யாழ்ப்பாண வளாகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த சிங்கள இயக்குநர். கதை காவலூர் இராஜதுரையுடையது. சாதியையும் சீதனத்தையும் இங்குள்ள வீடுகளுக்குள்ளேயே வைத்துக் காட்டியது. பாட்டும் சண்டையும் தேடி வந்தவர்கள் பாதியில் எழும்பினார்கள். ஆய்வாளர்கள் இன்றும் அதை உயர்த்திப் பேசுகிறார்கள், அதில் பிழையில்லை. ஆனால் எழும்பிப் போனவனுடைய கருத்தையும் யாராவது அன்றைக்கே எழுதி வைத்திருக்கலாம்.

● 1972இல் வந்த 'குத்துவிளக்கு' படத்தைத் தயாரித்த வி.எஸ். துரைராசா தொழிலால் ஒரு கட்டடக் கலைஞர்.

● அதே 1972இல்தான் அரச திரைப்படக் கூட்டுத்தாபனமும் வேலையைத் தொடங்கியது. வெளிநாட்டுப் படங்களை இறக்கும் உரிமை அதன் கைக்குள் போனது. தமிழகத்தில் வெளிவந்த படம் எல்லாம் இங்கே வராது, வருவதும் உடனே வராது. சென்னையில் ஒரு நடிகர் அடுத்த படத்துக்கு மீசையை எடுத்துவிட்டிருப்பார், இங்கே அவருடைய பழைய மீசைக்கு விசில் அடித்துக்கொண்டிருப்பார்கள். வானொலியில் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுக் கதையை ஊகித்து வைத்திருந்துவிட்டு, படம் வந்ததும் "நான் நினைச்ச கதை இதைவிடத் திறம்" என்று சொன்ன ரசிகர்கள் அந்தக் காலத்து ஆட்கள்.

● ராஜா, ராணி, மனோகரா, வின்ஸர், வெலிங்டன், லிடோ, சாந்தி, சிறீதர், றீகல். யாழ்ப்பாணம் என்ற ஒரு நகரத்துக்கு இத்தனை தியேட்டர்கள். ஆங்கிலப் படத்துக்கு றீகல் பேர்போனது. சிறீதர் பின்னாளில் ஓர் அரசியல் கட்சியின் அலுவலகமாயிற்று. இன்றும் படம் ஓட்டும் பழைய பெயர்களில் முதலில் வாயில் வருவது ராஜா.

● படத்தைப் பார்க்காமலே விமர்சனம் சொன்ன ஊர் இது என்றால் நம்புவீர்களா?

1990இல் சண்டை மீண்டும் தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரி தடை, பெற்றோல் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோ கேட்டார்கள். செய்திக்குத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் செய்தி முடிந்தபின் ஒலிச்சித்திரம் போனால் யார் நிற்பாட்டுவார்? ஒருவர் சுற்ற, நாலு பேர் காதைக் கொடுத்துப் படத்தைக் 'கேட்டார்கள்'. சுற்றுகிறவருக்குக் கை நொந்து வேகம் குறைந்தால் கதாநாயகியின் குரலும் கம்மிப்போகும். "உந்தச் சோகக் கட்டத்திலை நிப்பாட்டாதையடா" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும்.

வசதிப்பட்டால் ஜெனரேட்டரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் படம் போடுவார்கள். ஊற்றிய எண்ணெய்க்கு வஞ்சகம் இல்லாமல் ஒரே இரவில் மூன்று படம் ஓடும். விடியப்புறம் பார்த்தவர்களின் தலைக்குள் மூன்றும் கலந்துவிடும். முதல் படத்தின் வில்லனை மூன்றாவது படத்தின் தங்கச்சி மன்னித்துவிடுவாள். கசெற்றில் கடைசிப் பத்து நிமிஷம் அழிந்திருந்தால் அதைத் தங்கள் பாட்டில் சொல்லி நிரப்ப ஊருக்கு ஊர் ஆள் இருந்தது. நம் முற்றங்களில் இரண்டாம் பாகத்துக்குக் கதை எழுதியவர்கள் அவர்கள்தான்.

● அதற்கும் முந்திய தலைமுறை கொடைக்கானலைப் பார்த்து அன்ரனா திருப்பியது. அங்கே தூரதர்சன் கோபுரம் எழும்பியபின் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' கடல் தாண்டி வந்தது. பின்னர் இராமேஸ்வரத்தில் நட்ட கோபுரம் 323 மீற்றர் உயரம். திரையில் புள்ளி புள்ளியாக இரைச்சல் விழும். கூரையில் ஒருவர், வாசலில் ஒருவர், ரீவிக்கு முன்னால் ஒருவர். "இப்ப?" "இல்லை." "இப்ப?" "அப்பிடியே பிடி!" பிடித்துக்கொண்டு நின்றவருக்குப் பாட்டு மட்டும் கேட்கும். அவரிடமும் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கருத்துக் கேட்டார்கள், அவரும் சொன்னார்.

● சிறந்த படத்துக்கான ஒஸ்காரை வென்ற முதல் தொடர்ச்சிப் படம் 1974இல் வந்த 'த கோட்பாதர் – இரண்டாம் பாகம்'. இரண்டாம் பாகம் என்றாலே முகம் சுளிக்கிறவர்களோடு வாதிட இதைச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

● 'தெனாலி' (2000) படத்தில் கமல் பேசிய ஈழத்தமிழுக்கு உதவியவர் யார் தெரியுமா? வானொலி அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத். ஆம், 'கோமாளிகள்' ஐயரேதான். அந்தப் பேச்சைப் பற்றி இங்கே இன்றும் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "ஒரு பெரிய நடிகன் எங்கடை தமிழைப் பேசினானே, அது காணும்" என்கிறது. மற்றது, "ஆர் உப்பிடிக் கதைக்கிறது?" என்கிறது. கமல் பேசியது சந்தைப் பேச்சைவிட வானொலி நாடகப் பேச்சுக்குக் கிட்ட என்பது இந்தப் பக்கத்தை எழுதுகிறவரின் தீர்ப்பு. ஆனால் சிரிப்பு வந்தது உண்மை.

● 2012இல் வந்த 'பில்லா 2' முன்கதைப் படம். முதல் படத்தின் பெரிய தாதா எப்படி உருவானான் என்று பின்னோக்கிப் போகிறது. அங்கே போனால், அவன் ஓர் ஈழத்து அகதி! இராமேஸ்வரத்தில் வந்து இறங்குகிறான். அகதி என்ற விசயம் கால் மணித்தியாலத்தில் முடிந்துவிட, பிறகு முழுக்கக் கூலிங் கிளாசும் துப்பாக்கியும்தான். "எங்கடை பெடியன் எண்டு தொடங்கினாங்கள், பிறகு மறந்துபோனாங்கள்" என்று சொன்னால் அது அஜித்துக்கு எதிரான பேச்சு ஆகாது.

2025 மே முதலாம் திகதி வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' இதற்கு நேர்மாறு. பொருளாதார நெருக்கடியில் கடல் தாண்டிச் சென்னைக்குப் போகும் ஒரு குடும்பம், சசிகுமார், சிம்ரன். இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு அது முதல் படம். வாயைத் திறந்தால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும் என்ற பயம் கதை முழுக்க ஓடுகிறது. இங்கே பார்த்தவர்கள் ஒவ்வொரு 'ஓம்' சரியாக விழுந்ததா என்று கணக்கெடுத்துக்கொண்டே பார்த்தார்கள். பிள்ளையின் விடைத்தாளைத் திருத்தும் வாத்தியாரைப் போல. கடைசியில் அநேகம் பேர் பாஸ் போட்டுவிட்டார்கள்.

● 'காஞ்சனா 3' உண்மையில் நாலாவது படம். 2007இல் வந்த 'முனி'தான் முதலாவது. 2011இல் வந்த 'காஞ்சனா' அதற்கு இரண்டாவது. இந்தக் கணக்கு ஒரு பேய்க்கும் தெரியாது, பார்க்கிற சனத்துக்கும் தேவையில்லை. பேய்ப் படங்களுக்கு முதல் பாகம் பார்க்காமல் வருவதால் ஒரு நட்டமும் இல்லை. சின்னப் பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டு விரல் இடுக்கால் பார்ப்பதற்குத்தான் காசு.

● 2022 ஏப்ரல் 13ஆம் திகதி 'பீஸ்ட்', மறுநாள் சித்திரைப் புத்தாண்டோடு 'கே.ஜி.எஃப்' இரண்டாம் பாகம். நாடு இருந்த நிலை ஞாபகம் இருக்கிறதா? இரண்டு கிழமைக்கு முன்புதான் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவித்திருந்தார்கள். ஜூன் 3இல் 'விக்ரம்' வந்தபோது பெற்றோல் வரிசை ஊர் தாண்டி நின்றது. மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுப் பழைய சைக்கிளுக்குக் காற்றடித்துப் படத்துக்குப் போனார்கள். "படம் எப்பிடி?" என்று கேட்டால், "வெளியிலை வேர்க்குது, உள்ளுக்கை ஏசி. படமும் பரவாயில்லை" என்ற பதிலில் எது படத்துக்கு, எது ஏசிக்கு என்று பிரிப்பது கஷ்டம்.

கமலுக்கு 1986இலேயே ஒரு 'விக்ரம்' இருந்தது, கதை சுஜாதா. 2022இல் கைதட்டிய இளசுகளில் பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் அன்று வாய் ஓயாமல் தெரியப்படுத்தினார்கள்.

● 'பாகுபலி'யைக் கட்டப்பா ஏன் கொன்றான் என்ற கேள்வி 2015 ஜூலை தொடங்கி 2017 ஏப்ரல் வரை நின்றது. இரண்டாம் பாகம் பார்த்துவிட்டு வந்தவரிடம் முதலில் கேட்கப்பட்டது படம் நல்லதா என்றல்ல.

● கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் நம் தொண்டைமானாறு வருவது தெரியுமா? வந்தியத்தேவன் கோடிக்கரையிலிருந்து பூங்குழலியின் படகில் ஈழத்துக்கு வருகிறான். இரண்டாம் பாகமான 'சுழற்காற்'றில் தொண்டைமானாற்று முகத்துவாரமும் அங்கே மரக்கலங்கள் நிற்பதும் கதைக்குள் வருகின்றன. இந்தக் கதைக்காகக் கல்கி இலங்கைக்கு வந்து இடங்களைப் பார்த்துப் போனவர். மணிரத்னம் படப்பிடிப்பைத் தொடங்கியதோ 2019 டிசம்பரில், தாய்லாந்தில். "ஈழத்தைத் தாய்லாந்திலை எடுக்கிறாங்கள்" என்ற வடமராட்சி முறுமுறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை.

முதல் பாகம் 2022 செப்டெம்பர் 30இலும் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28இலும் வந்தன. தியேட்டரில் இரண்டு சாதி ரசிகர்கள். புத்தகம் படித்தவர் பக்கத்துச் சீற்றுக்குக் காதோடு காதாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்: "பொறுங்கோ, இப்ப ஊமை ராணி வருவா." படிக்காதவர், "நந்தினிதானே இது?" என்றார். முதல் பாகம் அந்த முகத்தோடுதான் முடிந்தது, ஆகவே படிக்காதவரே படத்தைச் சரியாகப் பார்த்தவர் என்பேன். படித்தவர் ஏழு மாதம் கழித்து வந்து, "உது புத்தகத்திலை இல்லை" என்று இரண்டாம் பாகம் முழுக்க வழக்கு வைத்தார். ஐந்து பாகத்தை இரண்டு படத்துக்குள் அடக்கியவருக்கு அவர் எந்தச் சலுகையும் கொடுக்கவில்லை.

● 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது வென்ற 'தீபன்' படத்தின் நாயகன் அல்லைப்பிட்டிக்காரர், எழுத்தாளர் ஷோபாசக்தி. அதே வருஷம்தான் யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழாவும் தொடங்கியது. ஆஸ்பத்திரி வீதியில் 2013இல் திறந்த கார்கில்ஸ் சதுக்கத்துக்குள் புதிய தியேட்டர்கள் வந்து, பழைய கலரி, பல்கனிப் பிரிவுகள் தெரியாத ஒரு தலைமுறை அதற்குள் படம் பார்க்கத் தொடங்கியிருந்தது.

● கடைசியாக 'இந்தியன்'. முதல் பாகம் 1996 மே 9இல் தமிழகத்தில் வெளிவந்தது. அன்று யாழ்ப்பாணத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவோடிரவாக வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த ஏப்ரலிலும் மேயிலும்தான் சனம் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்தது. வீட்டுக்குக் கதவு இருக்கிறதா, கிணற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சேனாபதியாவது வர்மமாவது! பிறகு ஆளுக்கொரு வழியால், ஆளுக்கொரு வருஷத்தில் அந்தப் படம் வந்து சேர்ந்தது: சிலருக்குக் கொழும்பு லொட்ஜில், சிலருக்கு வன்னியில் டெக்கில், சிலருக்குக் கனடாவில். இலஞ்சம் வாங்கும் கந்தோர்க்காரனைக் கிழவன் சேனாபதி குத்துவதற்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் கைதட்டினார்கள்.

2024 ஜூலை 12இல், 28 வருஷம் கழித்து, இரண்டாம் பாகம். அப்பாவும் மகனுமாகப் போன வீடுகளில் அப்பாவுக்கு ஆவல், மகனுக்கு ஃபோன். மூன்று மணித்தியாலம். நீளம் என்று எல்லாப் பக்கமும் சத்தம் எழ, வெளிவந்த சில நாளில் சுமார் 12 நிமிஷத்தை வெட்டினார்கள். எந்த 12 நிமிஷம் போனது என்று முழுப் படமும் பார்த்தவர்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. படத்தின் கடைசியில் 'இந்தியன் 3'க்கான முன்னோட்டமும் இருந்தது. அதுதான் நல்லாக் கிடந்தது என்று இருந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அநேகம் பேர் அதற்கு முன்பே எழும்பிச் சைக்கிள் எடுக்கப் போய்விட்டார்கள்.