கேபிள் எரிந்தால் புகை எங்கே போகும்?

1975 பிப்ரவரி 27, நள்ளிரவு தாண்டிய நேரம். நியூயார்க்கின் இரண்டாம் அவென்யூவில் இருந்த 11 மாடித் தொலைபேசி நிலையத்தின் அடித்தளத்தில், கேபிள்கள் வந்து சேரும் அறையில் தீப்பிடித்தது. அணைக்க 16 மணி நேரத்துக்கு மேல் ஆனது. சுமார் 1,70,000 தொலைபேசிகள் ஊமையாகின. அன்று உயிரிழப்பு இல்லை. ஆனால், பி.வி.சி. உறை எரிந்து கிளம்பிய கரும்புகையைச் சுவாசித்த தீயணைப்பு வீரர்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் நோய்களோடு போராடினார்கள்.

இன்றைய அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் கட்டுக்கட்டாக நெட்வொர்க் கேபிள்கள் ஓடுகின்றன. வேகத்தைப் பார்த்து 'கேட் 6' கேட்டு வாங்குகிறோம். உறை எந்தத் தீத்தரத்தைச் சேர்ந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

கேபிளில் எரிவது செம்பு அல்ல, அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக். பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். தீ எளிதில் பரவாமல் அது தடுக்கிறது; அதே குளோரின்தான் சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறுகிறது. கண்ணிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஈரத்தில் அது கரைந்து அமிலமாகிறது. தீ எட்டாத அறையில் இருக்கும் மின்னணுக் கருவிகளையும் அரித்துவிடுகிறது.

அமெரிக்க விதிகள் கேபிள் போகும் இடத்தைப் பார்த்துத் தரம் பிரிக்கின்றன. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏ.சி.யின் காற்று திரும்பிச் செல்லும் இடைவெளியில் புகை புகுந்தால், அந்தக் காற்றோடு கட்டடம் முழுக்கச் சுற்றும். அங்கே போட வேண்டியது 'சி.எம்.பி.' தரம். 25 அடி நீளச் சுரங்க உலையில், காற்றோட்டத்தோடு 20 நிமிடம் எரித்தாலும் தீ 5 அடிக்கு மேல் பரவக் கூடாது. புகைக்கும் உச்சவரம்பு உண்டு. மாடிக்கு மாடி செங்குத்தாக ஏறும் குழிக்கு 'சி.எம்.ஆர்.' போதும். 30 நிமிடச் சோதனையில் தீ 12 அடி உயரத்தை எட்டக் கூடாது. ஆனால், இந்தச் சோதனை புகைக்கு வரம்பு வைப்பதில்லை. சாதாரண அறைகளுக்கு 'சி.எம்.' போதும். உயர்ந்த தரத்தைக் குறைந்த தரத்தின் இடத்தில் போடலாம். மாற்றிப் போடக் கூடாது.

ஐரோப்பா வேறு வழியில் சென்றது. புகை குறைந்த, குளோரின் போன்ற ஹாலோஜன்கள் இல்லாத 'எல்.எஸ்.இசட்.எச்.' உறைகள் அங்கே பரவலானவை. பாலிஎத்திலீன் போன்ற பிளாஸ்டிக்கில் அலுமினியம் ஹைட்ராக்சைடைக் கலக்கிறார்கள். ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் அது சிதைந்து நீராவியை விடுவித்து, சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. 2017 ஜூலை முதல் அங்கே கட்டடங்களில் நிரந்தரமாகப் பொருத்துவதற்கு விற்கும் ஒவ்வொரு கேபிளிலும் தீ வகுப்பைக் குறிப்பிடுவது கட்டாயம். புகை, எரிந்து சொட்டும் துளிகள், வாயுவின் அமிலத்தன்மை ஆகியவற்றையும் தனித்தனியே மதிப்பிடலாம்.

இந்த இரண்டு முறைகளையும் ஒன்றாக நினைப்பதுதான் பெரிய ஆபத்து. நச்சு வாயு குறைவு என்பதாலேயே 'எல்.எஸ்.இசட்.எச்.' கேபிள் 'சி.எம்.பி.'க்கு மாற்றாகிவிடாது. தீ எவ்வளவு தூரம் பரவும் என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை. ஒற்றைக் கேபிளைச் சுடரில் காட்டும் சோதனையில் தேறியது, ஏணித்தட்டில் நூறு கேபிள்களோடு சேர்ந்து கிடக்கும்போது வேறு விதமாக எரியலாம். ஒன்றின் சூடு அடுத்ததைப் பற்றவைக்கும். எனவே உறையில் அச்சிட்ட பெயரோடு நிறுத்தாமல், கட்டாக வைத்து எரித்த சோதனையின் சான்றிதழையும் கேளுங்கள்.

நல்ல கேபிள் மட்டும் போதாது. கேபிளுக்காகத் தளத்தில் போட்ட துளையைத் தீத்தடுப்புப் பொருளால் அடைக்காவிட்டால், தீயும் புகையும் அந்த வழியே மேல் மாடிக்கு ஏறும். பயன்பாடு முடிந்தும் உருவி எடுக்காமல் விட்ட பழைய கேபிள்கள் சீலிங்குக்கு மேலே குவிந்து தீக்கு எரிபொருளாகின்றன. எட்டக்கூடிய இடத்தில் உள்ளவற்றை அகற்றச் சொல்கின்றன அமெரிக்க விதிகள்.

ஆகவே, கேபிளுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் கட்டட வரைபடத்தில் ஏ.சி. காற்று திரும்பும் வழியையும் செங்குத்துக் குழிகளையும் குறித்து, ஒவ்வோர் இடத்துக்கும் உரிய தரத்தை எழுதிக் கொடுங்கள். சீலிங் பலகையை மூடுவதற்குள் கேபிள் உறையில் அச்சிட்ட தரத்தையும் அடைத்த துளைகளையும் நேரில் சரிபாருங்கள். மூடிய பின் திருத்துவதற்கு ஆகும் செலவு, தொடக்கத்தில் சரியான தரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் விலையைவிடப் பல மடங்கு.