வாழையும் சோளமும் சேர்ந்த மென்மையான குக்கீஸ்

வாழைத்தார் வரத்து கூடி விலை இறங்கும் நாட்களில், நன்கு பழுத்த பழத்தைச் சந்தையில் கேட்பார் இல்லை. அதே பழத்தை உலர்த்தி, சோள அவல், நாட்டுச் சர்க்கரை, சாக்லேட் சேர்த்து மென்மையான குக்கீஸ் செய்யலாம். ஓட்ஸில் செய்யும் இந்தப் பண்டத்தில் அதற்குப் பதிலாகச் சோள அவலோ கம்பு அவலோ நன்றாகப் பொருந்தும். மகளிர் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் சிறிய அளவில் தொடங்கலாம்.

ஈரமே அடிப்படை

மொறுமொறுப்பான பிஸ்கட்டில் ஈரம் மிகக் குறைவு. மெல்லத்தக்க குக்கீஸில் ஈரம் தங்க வேண்டும். வெள்ளைச் சர்க்கரையைவிட நாட்டுச் சர்க்கரை ஈரத்தை நன்கு பிடித்துவைக்கும். ஆனால், ஈரம் மிஞ்சினால் பூஞ்சை வரும். எனவே பழக்கூழைச் சேர்க்காமல், உலர்ந்த பழத்தையே சேர்க்க வேண்டும்.

உரித்த வாழைப்பழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர்தான். ஒரு கிலோ உரித்த பழத்தை உலர்த்தினால் சுமார் 300 கிராம் கிடைக்கும். கற்பூரவல்லி போன்ற இனிப்பு மிகுந்த ரகங்கள் இதற்கு ஏற்றவை. திருச்சி மாவட்டம் தொட்டியம் பகுதியில் சூரிய உலர்த்திகளில் வாழைப்பழம் உலர்த்தப்படுகிறது. தூசியும் ஈயும் அண்டாததால், திறந்தவெளியில் காயவைப்பதைவிட இது நல்லது.

செய்முறை

சுமார் 24 குக்கீஸுக்கு: கோதுமை மாவு, சோள அவல், வெண்ணெய் தலா 100 கிராம், நாட்டுச் சர்க்கரை 120 கிராம், நறுக்கிய உலர் வாழைப்பழம், சாக்லேட் துண்டுகள் தலா 60 கிராம், முட்டை 1, சமையல் சோடா அரை தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, முட்டையை அடித்துச் சேர்க்கவும். மாவு, சோடா, உப்பு, அவல் கலந்து, கடைசியில் பழமும் சாக்லேட்டும் சேர்க்கவும். குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்தால் அவல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சிறு உருண்டைகளாகத் தட்டி, 175 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம் சுடவும். ஓரம் பொன்னிறமாகி, நடுப்பகுதி மெத்தென்று இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். தட்டிலேயே 10 நிமிடம் விட்டால் இறுகும். நடுவும் சிவக்கும்வரை காத்திருந்தால் ஆறியதும் கடினமாகிவிடும்.

சிறுதானியத்தில் பசையம் இல்லை. ஆகவே கோதுமை மாவை முழுவதும் நீக்கினால் குக்கீஸ் உதிரும். பழம் மிகவும் காய்ந்திருந்தால் வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, ஈரம் போகத் துடைத்துச் சேர்க்கவும்.

சாக்லேட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகிவிடும். நம் கோடையில் மேற்பூச்சு நிற்காது. துண்டுகளாக உள்ளே வைப்பதே நல்லது. பொள்ளாச்சி, ஆனைமலை பகுதித் தென்னந்தோப்புகளில் கொக்கோ ஊடுபயிராக விளைவதால், சாக்லேட் தயாரிக்கும் குழுக்களுடன் கைகோக்கலாம்.

விற்பனைக்கு முன்

சூடாக அடைத்தால் உறைக்குள் நீர் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். முழுவதும் ஆறிய பிறகே காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். ஒவ்வொரு தயாரிப்பிலும் சில உறைகளை ஒதுக்கி, தினமும் மணம், நிறம், மென்மையைக் கவனித்து எழுதிவையுங்கள். ஆய்வகப் பரிசோதனை செய்த பிறகே காலாவதி தேதியை முடிவுசெய்யுங்கள்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். முட்டை சேர்த்தால் பச்சை நிற சைவக் குறி போடக் கூடாது. அந்தக் குறி வேண்டுமானால் முட்டைக்குப் பதில் 3 மேசைக்கரண்டி பால் சேர்க்கலாம். கோதுமை, பால் சேர்த்திருப்பதையும் உறையில் குறிப்பிட வேண்டும்.

குறுந்தொழில் உணவு நிறுவனங்களுக்காக மத்திய அரசு 2020-ல் தொடங்கிய திட்டத்தில், வங்கிக் கடனுடன் இணைந்த 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை அறிவிக்கப்பட்டது. தற்போதைய நிலையை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம். அடுப்பும் இயந்திரமும் வாங்கும் முன், வீட்டு அடுப்பில் செய்து பக்கத்துக் கடையில் கொடுத்துப் பாருங்கள். ஒரு மாதம் தொடர்ந்து விற்ற பிறகு கடனை யோசித்தால் போதும்.