தீர்ப்பு வந்தப்போ நீங்க எங்கே இருந்தீங்க?

2014 செப்டம்பர் 27. சனிக்கிழமை. அன்னிக்கு எங்கே பாஸ் இருந்தீங்க?

'நான் அப்போ அரை டிராயர்'னு எஸ்கேப் ஆகாதீங்க. இன்னிக்கு கல்லூரியில் இருக்கிற பலரும் அன்று தொடக்கப் பள்ளி வாண்டுகள்தான். ஆனாலும் தெருவில் கடைகள் சடசடவென ஷட்டரை இறக்கினது, அப்பா டி.வி. முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தது... ஏதோ ஒண்ணு மனசில் ஒட்டிக்கிட்டு இருக்கும். ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கில், பெங்களூரு தனி நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன நாள் அது. 4 ஆண்டு சிறை, 100 கோடி ரூபாய் அபராதம். 1996-ல் ஆரம்பித்த வழக்கு, 18 வருஷம் கழித்து முடிவுக்கு வந்தது. பதவியில் இருக்கும் முதல்வர் ஒருவர் தண்டனையால் பதவி இழந்தது இந்தியாவிலேயே அதுதான் முதல் முறை!

போடியின் டபுள் கனெக்‌ஷன்

தமிழ்நாடே அதிர்ந்த அந்த நாளில், கூடுதலாக ஒரு ஷாக் வாங்கிய ஊர் போடிநாயக்கனூர். காரணம், இரண்டு பக்கமும் உறவு. 1989 தேர்தலில் சேவல் சின்னத்தில் நின்று ஜெயலலிதா ஜெயித்த தொகுதி போடிதான். அந்த வெற்றிதான் அவரைத் தமிழகச் சட்டமன்றத்தின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவர் ஆக்கியது. 2014-ல் போடியின் எம்.எல்.ஏ. யார்? ஓ.பன்னீர்செல்வம். தீர்ப்பு வந்த இரண்டாவது நாள், செப்டம்பர் 29-ம் தேதி, அவர் கண்ணீரோடு முதல்வராகப் பதவியேற்றார். ஆக, பழைய எம்.எல்.ஏ. சிறையில், இப்போதைய எம்.எல்.ஏ. கோட்டையில். எந்த ஊருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு வாரம்?

அதனால்தான் போடி டீக்கடையில் உட்கார்ந்து இந்தக் கேள்வியை லேசாகப் போட்டாலே போதும், கதைகள் கொட்டும். செப்டம்பர் கடைசி என்பது ஏலக்காய் பறிப்பு மும்முரமாக நடக்கிற நேரம். விடியற்காலையில் ஜீப் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, போடிமெட்டு வழியாக கேரளப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை தோட்டங்களுக்குப் போகிறவர்கள் 'நாங்க மலையில இருந்தோம்' என்பார்கள். கீழே ஏலக்காயைத் தரம் பிரிக்கிற இடங்களில் இருந்த பெண்களிடம் வேறு கதை இருக்கும். கடைவீதிக்காரர்களிடம் இன்னொன்று.

எல்லாம் சூப்பர். ஆனா, எல்லாமே நிஜமா?

சிம்ப்சனும் சில மாணவர்களும்

அமெரிக்காவில் ஓ.ஜே.சிம்ப்சன் என்றொரு கால்பந்து ஹீரோ. முன்னாள் மனைவியையும் அவரது நண்பரையும் கொன்றதாக வழக்கு. 1995 அக்டோபர் 3-ல் 'குற்றவாளி அல்ல' என்று தீர்ப்பு. நாடே டி.வி. முன்னால் நின்ற நாள். மூன்று நாள் கழித்து, கலிஃபோர்னியாவில் கல்லூரி மாணவர்களிடம் ஆய்வாளர்கள் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். 'தீர்ப்பை எங்கே, எப்படி, யாரோடு இருக்கும்போது கேட்டீங்க?'

அதே கேள்வியை 15 மாதம் கழித்துச் சிலரிடமும், 32 மாதம் கழித்து வேறு சிலரிடமும் மறுபடி கேட்டார்கள். 15 மாதத்தில் பாதிப்பேர் கிட்டத்தட்ட அச்சு அசலாகச் சொன்னார்கள். பெரிய தப்பு செய்தவர்கள் 11 சதவிகிதம்தான். 32 மாதத்தில் நிலைமை தலைகீழ்! சரியாகச் சொன்னவர்கள் 29 சதவிகிதம். பெரிய அளவில் மாற்றிச் சொன்னவர்கள் 40 சதவிகிதத்துக்கும் மேல்.

அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் மேட்டரே!

இந்த மாதிரி ஞாபகத்துக்கு 'ஃப்ளாஷ்பல்ப் மெமரி' என்று 1977-ல் பெயர் வைத்தார்கள். அதிர்ச்சியான நொடியில் மூளை 'க்ளிக்'கென போட்டோ எடுத்துவிடுகிறது என்று நினைத்தார்கள். போட்டோ இல்லை பாஸ், அது கோயில் சுவர் மாதிரி. ஒவ்வொரு முறை கதை சொல்லும்போதும் ஒரு கோட் வெள்ளை அடிக்கிறோம். நண்பன் சொன்னது, டி.வி.யில் திரும்பத் திரும்பப் பார்த்தது எல்லாம் அந்தச் சுண்ணாம்பில் கலந்துவிடும். கடைசியில் பழைய சுவர் எது, புதுப்பூச்சு எது என்று நமக்கே தெரியாது. ஆனால் நம்பிக்கை மட்டும் குறையவே குறையாது.

சித்தப்பாவை செக் பண்ணுங்க

உங்க வீட்டிலேயே டெஸ்ட் வைக்கலாம். 'மதுரையில இருந்து ரயில்ல வந்து போடி ஸ்டேஷன்ல இறங்குறேன், ஒரே பரபரப்பு' என்கிறாரா சித்தப்பா? வாய்ப்பே இல்லை. அகலப் பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்ற ரயில், 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பி வந்தது.

'பட்டாசு வெடிச்சு லட்டு கொடுத்தாங்களே' என்கிறாரா? அது 2015 மே 11-ஆக இருக்கலாம். கர்நாடக உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்த நாள் அது. 'தீர்ப்பு வந்தப்போ அம்மா உயிரோட இல்லையே' என்கிறாரா? அது 2017 பிப்ரவரி 14. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-ல் மறைந்த பிறகு, மற்ற மூவரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்த காதலர் தினம்! ஒரே வழக்கு, மூன்று தீர்ப்பு. சித்தப்பா மனசில் மூன்றும் ஒரே நாளாகக் குழைந்து கிடக்கலாம்.

பாவம், கலாய்க்காதீங்க. நாளைக்கு உங்களுக்கும் இதேதான்.

சரி, தப்பா ஞாபகம் இருந்தா என்ன?

டீக்கடையில் ஒன்றும் ஆகாது. கோர்ட்டில்? சாட்சி சொல்கிறவரும் இதே மூளையோடுதான் கூண்டில் ஏறுகிறார். அமெரிக்காவில் டி.என்.ஏ. சோதனையால் நிரபராதி என்று விடுதலையானவர்களில் பெரும்பாலோரின் வழக்குகளில், 'இவன்தான், நான் பார்த்தேன்' என்று யாரோ ஒருவர் தவறாக அடையாளம் காட்டியிருந்தார். உறுதியான குரல் வேறு, உண்மை வேறு.

இன்னொரு விஷயமும் இருக்கு. நம் ஞாபகம் நம்மைச் சுற்றியே போட்டோ எடுக்கும். 2000 பிப்ரவரி 2. அதுவும் ஒரு தீர்ப்பு நாள். போடி மலைக்குப் பக்கத்து மலையான கொடைக்கானலில் கட்டிய பிளசென்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில், ஜெயலலிதாவுக்கு ஓராண்டு தண்டனை. 2001-ல் அந்த வழக்கிலிருந்து அவர் விடுதலையானது பிறகு நடந்த கதை. 'அன்னிக்கு பஸ் ஓடலை, சீக்கிரம் வீட்டுக்குப் போயிட்டோம்' என்று பெரியவர்கள் சொல்லலாம். ஆனால் தர்மபுரியில் ஒரு பஸ் ஓடிக்கொண்டிருந்தது. கல்விச் சுற்றுலா போய்த் திரும்பிய கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகள் அதில் இருந்தார்கள். அதற்குத் தீ வைத்தார்கள். 3 மாணவிகள் இறந்துபோனார்கள். உங்க வயசுதான்.

அந்த வழக்கிலும் தீர்ப்பு வந்தது. 2007-ல் 3 பேருக்குத் தூக்கு. 2016-ல் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 2018 நவம்பரில் மூவரும் வெளியே வந்தார்கள். இந்தத் தீர்ப்புகள் வந்தப்போ எங்கே இருந்தீங்கன்னு யாரையாவது கேட்டுப் பாருங்க. டீக்கடையே அமைதியாகிவிடும்.

அதனால ஒரு சின்ன ஹோம்வொர்க். அடுத்து ஒரு பெரிய தீர்ப்பு வரும். அன்னிக்கு ராத்திரியே ஒரு நோட்டில் நாலு வரி எழுதி, தேதி போட்டு வையுங்க. எங்கே இருந்தேன்? யார் சொல்லித் தெரிஞ்சுது? என்ன தோணுச்சு? நாலாவது வரி முக்கியம்: அன்னிக்கு இந்தத் தீர்ப்பால் வேறு யாருக்கு என்ன ஆச்சு?

மூணு வருஷம் கழித்து, நோட்டைத் திறக்காமல் முதலில் கதையைச் சொல்லுங்க. அப்புறம் திறந்து படிங்க. நோட்டும் நீங்களும் சண்டை போட்டால், நோட்டு பக்கம் நில்லுங்க!